இணையத்திலிருந்து மீள இணையத்திலேயே பயிற்சியா? கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் மாணவர் நலக் குழுவினருக்கும் வணக்கம்.

மாணவர்களின் இணைய அடிமைத்தனத்தைக் குறைக்க ஆன்லைன் பயிற்சி என்றதும், குடிகாரனுக்குச் சாராயக் கடையிலேயே வைத்தியமா என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. இரவு ஒரு மணிக்கு, இன்னும் தூங்கவில்லையே என்று ஒரு பையன் தன்னையே நொந்துகொள்ளும்போது கவுன்சலிங் அறை பூட்டிக் கிடக்கிறது. பகலில் திறந்திருந்தாலும் அந்த வாசலில் தன்னை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் வேறு. அவன் கையில் இருப்பது போன்தான். உதவியும் அதன் வழியாகப் போகட்டும்.

என் கவலை அதை நடத்தும் விதத்தைப் பற்றியது. வழக்கமாக என்ன நடக்கும்? மின்னஞ்சலில் ஒரு லிங்க், பத்து வீடியோ, கடைசியில் ஒரு வினாடி வினா, சர்டிஃபிகேட். மாணவர் வீடியோவை ஒலியை அணைத்து ஓட விட்டுவிட்டு, பிரவுசரில் இன்னொரு டேபைத் திறந்து விளையாடிக்கொண்டிருப்பார். அறிக்கையில் மட்டும் எல்லோரும் முடித்திருப்பார்கள்.

கட்டாயப்படுத்தாவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பதும் உண்மைதான். இணையவழி நலத் திட்டங்களில் பயனர்கள் கழன்றுகொண்டே போவது அவற்றின் இயல்பு என்று இணையவழி மருத்துவ ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2005-லேயே எழுதினார். ஆனால் இதற்கு மருந்து வருகைப்பதிவு அல்ல. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான இணையவழிப் பயிற்சிகளில் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் உண்டு: ஆளே இல்லாமல் தானாக ஓடும் பயிற்சியைவிட, பின்னால் ஒரு மனிதர் இருந்து எட்டிப் பார்க்கும் பயிற்சி நன்றாக வேலை செய்கிறது. நீண்ட ஆலோசனைகூட வேண்டாம். வாரம் ஒரு முறை, 'இந்த வாரம் எப்படிப் போச்சு?' என்று கேட்டு, வரும் பதிலைப் படித்து, அதற்குப் பொருத்தமாக நான்கு வரி எழுதும் ஒருவர் போதும். பட்ஜெட்டில் ஆப்புக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது இந்த ஆளுக்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது, எதை அளப்பது. மணிக்கணக்கை மட்டும் அளக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் வீடியோ கேம் சார்ந்த கோளாறுக்கு இடம் உண்டு. பொதுவான 'இணைய அடிமைத்தனம்' தனி நோயாக இல்லை. அந்தக் கேம் கோளாறுக்கும் இத்தனை மணி நேரம் என்ற கணக்கு கிடையாது. கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறதா, மற்றதெல்லாம் பின்னுக்குப் போகிறதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆறு மணி நேரம் கோடிங் செய்கிறவரையும், தோற்ற பாடத்தை நினைக்காமலிருக்க இரண்டு மணி நேரம் ரீல்ஸ் தள்ளுகிறவரையும் ஒரே தராசில் வைத்தால் தப்பான ஆளைத்தான் பிடிப்பீர்கள்.

ஆகவே பயிற்சியின் முதல் வாரம் வெறும் குறிப்பெடுப்பாகவே இருக்கட்டும். போனை எடுத்தபோது என்ன செய்துகொண்டிருந்தேன், மனம் எப்படி இருந்தது, எப்போது கீழே வைத்தேன், அவ்வளவுதான். 'மூன்றாவது கணக்கு வரவில்லை. எரிச்சல். ஐம்பது நிமிடம்.' இப்படி நாலைந்து வரி சேர்ந்ததும், தன் சிக்கல் போனில் இருக்கிறதா, அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று அவருக்கே பிடிபடத் தொடங்கும். அப்புறம்தான் மாற்று வழி. 'கணக்கு வராவிட்டால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு நண்பனிடம் கேட்பேன்' என்பது போல, சின்னதாக, முன்கூட்டியே முடிவு செய்த ஒன்று. 'இனிமேல் போனைத் தொட மாட்டேன்' என்ற சபதமெல்லாம் இரண்டு நாள்கூடத் தாங்காது. தளங்களைப் பூட்டும் ஆப்கள் கொஞ்சம் உதவும். பூட்டியவர் கையிலேயே சாவியும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பயிற்சியில் கேட்கும் கேள்விகளுக்கு மாணவர் தரும் விடைகள் யார் கண்ணில் படும் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இணைய அடிமைத்தனத்தை அளக்க, அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998-இல் வெளியிட்ட இருபது கேள்விகளை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். துறைத் தலைவரோ பெற்றோரோ பார்ப்பார்கள் என்று தெரிந்தால், இருபதுக்கும் 'எனக்கு அப்படி இல்லை' என்று குறித்துவிட்டுப் போவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான விஷயம். அசைன்மென்ட் சமர்ப்பிக்கக் கெடு இரவு 11.59. நாளைய வகுப்பு மாற்றம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பத்தரைக்கு வருகிறது. அதைப் பார்க்கத் திறந்தவர் குழுவை மூடுவதற்குள் மேலே இரண்டு நோட்டிஃபிகேஷன் விழுந்திருக்கும். இரவில் போனை எடுக்கவைப்பது நாம். எடுத்ததற்குப் பயிற்சி கொடுப்பதும் நாமா? கெடுவை மாலை ஆறு மணிக்கு மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். எட்டு மணிக்கு மேல் குழுவில் அறிவிப்பு போடக் கூடாது என்று ஆசிரியர்களுக்கும் அதிலேயே சொல்லிவிடலாம். பயிற்சியைத் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியர்