பைப்பத் தொறந்தா வர்றது ஊலு மூடா காட்டுத் தண்ணி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கெடா மாநிலத்து ஊலு மூடா காட்டுல இருந்து வர்ற தண்ணிக்கு வருசத்துக்கு 50 மில்லியன் வெள்ளி கொடுன்னு கெடா கேக்குறதும், ஆத்துல ஓடுற தண்ணிக்கு எதுக்குக் காசுன்னு பக்கத்து மாநிலமான பினாங்கு திருப்பிக் கேக்குறதும் வருசக்கணக்கா நடக்குது, ஆனா அந்தக் காட்டோரம் வாழுற சனங்களப் பத்தி ஒருத்தரும் பேச்செடுக்கல, அதான் எழுதுறேன்.

நான் பினாங்குல இருக்குற கெப்பாளா பத்தாஸ்காரன், மூடா ஆத்து மேல இருக்குற மெர்டேக்கா பாலத்தத் தாண்டித்தான் தெனமும் வேலைக்குப் போறேன். மேல அந்தக் காட்டுல மழ பேஞ்சா மறுநாள் மூடா ஆறு தே தாரிக் (பால் டீ) கலர்ல ஓடும். பினாங்குக்கு வேணுங்கிற தண்ணியில கிட்டத்தட்ட 80 விழுக்காடு இந்த ஆத்துல இருந்துதான் எடுக்குறாங்க. கெடா வயலுக்குப் பாயுற பெடு, மூடா அணைக்கட்டுத் தண்ணிக்கும் இதே காடுதான் ஆதாரம். மரம் நின்னா மழையப் பிடிச்சு வச்சி கொஞ்சங்கொஞ்சமா விடும், வெட்டி லோரி ரோடு போட்டா மண்ணுதான் அடிச்சிக்கிட்டு வரும்.

போன வருசம் பிள்ளைங்களோட குபிர் படகுத்துறையில இருந்து காட்டுக்குள்ள போனோம். படகு ஓட்டுன பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவரு) மிருகங்க நக்க வர்ற உப்புமண் இருக்குற எடத்துல எறக்கி விட்டாரு, சட்டி அகலத்துக்கு யானைக் காலடி, அதுல தேங்குன தண்ணியச் சுத்தி மஞ்சப் பட்டாம்பூச்சி மொய்ச்சிக்கிட்டு இருந்துச்சு. இந்த யானைங்க அந்தப் பக்கம் தாய்லாந்துக்கும் போய்ட்டு வரும், எப்ப எந்த வழியா வரும்னு எங்களுக்குத் தெரியும், ஆனா பிளான் போடுறவங்க யாரும் இதுவரைக்கும் எங்கள கூப்பிட்டுக் கேட்டதில்லன்னு சொன்னாரு. எனக்கு மனசே கேக்கல.

என்னக் கேட்டா பினாங்கு காசு கொடுக்கணும். ஆனா அந்தக் காசு மரம் வெட்டாம இருக்குறதுக்கும், குபிர், சிக் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) ஆளுங்க காட்டக் காவல் காக்குறதுக்கும்தான் போகுதுன்னு கணக்கு காட்டணும். இப்ப இருக்குற மாதிரி எல்லைக்கு எல்லை ஆளுக்கொரு வரைபடத்த வச்சிக்கிட்டு இருந்தா யானைக்கும் வழி இருக்காது, தண்ணிக்கும் வழி இருக்காது. கெடா, பினாங்கு, தாய்லாந்து அதிகாரிங்களோட படகு ஓட்டுறவங்க, உசரமான துவாலாங் மரமேறி தேன் எடுக்குறவங்க, நெல்லு போடுறவங்க, கோலா மூடா மீனவங்க எல்லாரும் ஒரே மேசையில உக்காரட்டும். அந்தக் கூட்டத்தயும் பெரிய ஓட்டல்ல வைக்காம குபிர்லயே வைங்க, பாக்சிக்கால ஒருநாள் சம்பளத்த விட்டுட்டு அலோர் ஸ்டார் வரைக்கும் வர முடியாது.

இப்படிக்கு,
கெப்பாளா பத்தாஸ் வாசகர்