அரியலூரைத் தேர்ந்தெடுத்தது யார்? ஒரு திறந்த மடல்

தேர்வுப் பிரிவு அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பப் பக்கம் செய்துகொடுக்கும் நிரலாளர்களுக்கும்,

வணக்கம். சீர்காழியில் பதினோரு வருடமாக நெட் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. உங்கள் போன தேர்வுக்குக் கடைசி மூன்று நாளும் ராத்திரி பதினொரு மணி வரை ஷட்டரை இறக்கவில்லை. மாவட்டப் பட்டியல் விஷயமாக ஏற்கெனவே இரண்டு மெயில் போட்டேன். 'தங்கள் புகார் பெறப்பட்டது' என்று இரண்டு முறையும் பதில் வந்தது. பெற்றுக்கொண்டதற்கு நன்றி. மூன்றாவதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பக்கத்துத் தெருப் பெண் ஒருவர், ஆறு மாதக் கைக்குழந்தையோடு விண்ணப்பிக்க வந்தார். தேர்வு மையம் மயிலாடுதுறை என்றார். என் கையால்தான் மாவட்டப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தேன். போட்டோ 50 கேபிக்கு மேல் இருக்கிறது என்று உங்கள் பக்கம் திருப்பி அனுப்பியது. சரி, சுருக்கி மறுபடி ஏற்றினேன். பெயர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது, முகவரி ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. டைப் அடித்ததெல்லாம் பத்திரம். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தது மட்டும் சத்தமில்லாமல் முதல் வரிக்குப் போய்விட்டது. ஆங்கில அகர வரிசையில் நம் 38 மாவட்டங்களில் முதல் வரி அரியலூர்.

நான் கவனிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், ஓடிபிக்கு இன்னும் சில விநாடிதான் பாக்கி. முன்னோட்டப் பக்கத்தில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். ஒரு தடவை நாமே சரியாகப் போட்டதை மறுபடி யார் எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள்?

ஹால் டிக்கெட் வந்த பிறகு உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். விவரங்களைச் சரிபார்ப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு, மையத்தை மாற்ற முடியாது என்றார்கள். காலை எட்டரைக்குள் மையத்தில் இருக்க வேண்டும் என்பதால் முதல் நாள் மதியமே கிளம்பினார்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், அரியலூர் என்று மூன்று பஸ். ஒரு ராத்திரிக்கு லாட்ஜ் 900 ரூபாய். மறுநாள் மூன்று மணி நேரமும் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி உட்கார்ந்திருந்தார். குழந்தை பாலுக்கு அழுதிருக்கிறது. ஹால் முதல் மாடியில், ஜன்னல் ஓரம். "அழுவுறது என் புள்ளதான்னு தெரிஞ்சுதுண்ணா. அப்புறம் கணக்குல ஒண்ணும் ஓடல" என்றார் அந்தப் பெண். பஸ் செலவையாவது நான் தருகிறேன் என்றேன். வாங்கவில்லை.

நிரலாளர் தம்பிகளுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. பட்டியலில் எந்த வரிக்கும் 'செலக்டெட்', அதாவது எடுத்த வரி இதுதான், என்று குறிப்பு தராவிட்டால், பிரவுசர் தானாக முதல் வரியை எடுத்துக்கொள்ளும். அது அதன் வழக்கம். முதல் வரியை 'மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று போட்டு, அதன் மதிப்பை, அதாவது அந்த வரியை எடுத்தால் உங்களுக்கு வந்து சேரும் பதிலை, காலியாக விட்டு, பட்டியலுக்கு 'ரிக்கொயர்டு' (கட்டாயம்) என்று சேர்த்தால், தேர்ந்தெடுக்காமல் யாரும் அடுத்த பக்கம் போக முடியாது. சிலர் அந்த வரியைப் போட்டுவிட்டு மதிப்பில் பூஜ்யம் வைத்துவிடுகிறார்கள். பூஜ்யமும் ஒரு பதில்தான் என்று பிரவுசர் உள்ளே விட்டுவிடும். பிழை காட்டிப் பக்கத்தைத் திருப்பி அனுப்பும்போது, விண்ணப்பதாரர் முன்பு எடுத்த வரிக்கே அந்த 'செலக்டெட்' குறிப்பைப் போட்டு அனுப்ப வேண்டும். பெயருக்கும் முகவரிக்கும் செய்கிற அதே உபசாரத்தைப் பட்டியலுக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முன்கூட்டியே எதையும் தேர்ந்தெடுத்து வைக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நாடு என்ற இடத்தில் ஆப்கானிஸ்தானில் தொடங்கி இந்தியா வரைக்கும் ஒவ்வொருவரையும் உருட்ட வைப்பானேன்? அங்கே இந்தியாவைப் போட்டு வையுங்கள், புண்ணியமாகப் போகும். மாநிலத்துக்குத் தமிழ்நாடு, அதுவும் சரி. நூற்றில் தொண்ணூறு பேருக்கு ஒரே பதில் என்றால் நீங்கள் போட்டு வைக்கலாம். ஆளுக்கு ஆள் மாறுகிற மாவட்டத்தையும் பாலினத்தையும் வகுப்புப் பிரிவையும் எங்களுக்கே விட்டுவிடுங்கள். இப்போதைய நிலவரப்படி, கவனக்குறைவான தமிழர் எல்லோரும் ஜனவரி 1 அன்று அரியலூரில் பிறந்த ஆண்கள். நாளைக்கு யாராவது இந்தக் கணக்கை எடுத்து, அரியலூரில் என்ன ஒரு கல்வி ஆர்வம் என்று கட்டுரை எழுதாமல் இருக்க வேண்டும். 2007-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த மாவட்டம் அது. பிரியாமலே இருந்திருந்தால் இந்தக் கூட்டமெல்லாம் செங்கல்பட்டுக்குப் போயிருக்கும். ஆங்கில வரிசையில் அடுத்தது அதுதான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அரியலூர்க்காரர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அன்று அங்கே தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேரின் வீட்டு முகவரி அரியலூர் மாவட்டம் என்று உங்களிடமே பதிவு இருக்கும். இந்தக் கடிதத்தை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அடுத்த தேர்வுக்கு அந்தப் பெண் மறுபடி என் கடைக்குத்தான் வரப்போகிறார். அறிவிப்பு வருவதற்குள் பட்டியலின் முதல் வரியைக் காலியாக்கித் தாருங்கள். பக்கம் திரும்பி வரும்போது நாங்கள் எடுத்ததை அப்படியே திருப்பித் தாருங்கள். இரண்டுமே முடியாதென்றால், மையத்தைத் திருத்திக்கொள்ள மூன்று நாள் அவகாசமாவது கொடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
சீர்காழி நெட் சென்டர்காரன்