ட்ரியஸ்ட்டைக் காலியாக விட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ஃபோனில் நீ பொரிந்து தள்ளியபோது யாரோ உன் வேலைக்கே உலை வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஐரோப்பா மேப்பில் ஆளுக்கொரு நாடாக ஆடும் டிப்ளமசி ஆட்டம் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடு. அந்தக் கோபம் எனக்கும் பழக்கம்தான். தாயத்தில் வெட்டுப்பட்டால் கட்டையைத் திட்டலாம். ஆலன் கேல்ஹமர் 1959-ல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் கட்டையே கிடையாது. ஏழு பேரும் பேசுகிறோம், ரகசியமாக உத்தரவு எழுதுகிறோம், எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரிக்கிறோம். திட்ட வேண்டுமானால் எதிரே இருக்கும் ஆளைத்தான் திட்ட வேண்டும்.

நீ சொன்னதை மேப்பில் வைத்துப் பார்த்தேன். உனக்கு ஆஸ்திரியா. ஆட்டத்தின் முதல் சுற்றான 1901 வசந்தத்தில் உன் ட்ரியஸ்ட் கப்பல் அல்பேனியாவுக்கு, புடாபெஸ்ட் படை செர்பியாவுக்கு. உன் வியன்னா படையும் ரஷ்யாவின் வார்சா படையும் நடுவிலுள்ள கலீசியாவில் மோதித் திரும்புவதாக ரஷ்யாவோடு பேச்சு, அது அப்படியே நடந்தது. வெனிஸிலிருந்து வரமாட்டேன் என்று சொன்ன, இத்தாலி ஆடிய உன் தோழி மட்டும் காலியாகக் கிடந்த ட்ரியஸ்ட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

சரி, பொய்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கு நீ என்ன கொடுத்தாய்? மேப்பில் பிடிக்க வேண்டிய மையங்கள் மொத்தம் 34, ஜெயிக்க 18 வேண்டும். முதல் வருஷம் இத்தாலிக்கு நிச்சயமாகக் கிடைப்பது துனிஸ் ஒன்றுதான். "வராதே" என்று கேட்டாயே தவிர, இருவரும் சேர்ந்து துருக்கியை அடிக்கலாம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சம பலத்தில் மோதினால் யாரும் நகர முடியாது, பக்கத்துப் படை ஆதரவு கொடுத்தால்தான் எதிரியைத் தள்ளலாம். அந்த ஆதரவு உன்னிடமிருந்து தேவைப்பட்டிருந்தால் ட்ரியஸ்ட் என்று எழுதுமுன் அவள் பேனா கொஞ்சம் தயங்கியிருக்கும்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. உன் வயதில் ஒருமுறை எனக்குத் துருக்கி வந்தது. ரஷ்யா ஆடிய நண்பனும் நானும், கருங்கடலில் யாரும் கப்பல் விடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். எழுத உட்கார்ந்ததும் வயிற்றைக் கலக்கியது. அவன் வந்துவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று அங்காரா கப்பலைக் கருங்கடலுக்கு எழுதினேன். பிரித்துப் பார்த்தால், அவன் சொன்னபடியே செவஸ்தபோல் கப்பலை ருமேனியாவுக்கு அனுப்பியிருந்தான். என் கப்பல் அவன் வாசலில் நின்றது.

தற்காப்புக்காக என்றேன். தலையாட்டினான். அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு எனக்கு எதிராகவே எழுதினான். ஆஸ்திரியாவையும் சேர்த்துக்கொண்டு 1904-க்குள் என்னைத் துடைத்துவிட்டான். அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லையே என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

நீ கலீசியாவில் செய்ததை நான் கருங்கடலில் செய்திருக்க வேண்டும். இருவரும் கப்பலை அனுப்பி மோதவிடுவது. வராமல் ஏமாற்றுகிறவன் கடலை மற்றவனுக்குத் தாரை வார்த்ததாகிவிடும். அதனால் யாருக்கும் ஏமாற்றத் தோன்றாது. இந்த யோசனை ஆட்டம் முடிந்து பல வருஷம் கழித்துத்தான் வந்தது என்பது வேறு விஷயம்.

தோழியிடம் ஒரு வாரமாகப் பேசவில்லை என்றாயே, அது கொஞ்சம் அதிகம். அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் போ. குலுக்கலில் இத்தாலி உனக்கும் ஆஸ்திரியா அவளுக்கும் வந்தால் உடனே எனக்கு ஃபோன் செய். வெனிஸ் படைக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அப்பா