33 பேரில் நோயாளிக்காகப் பேசுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டின் மருத்துவக் கல்வியையும் மருத்துவத் தொழிலையும் நெறிப்படுத்தும் தேசிய மருத்துவ ஆணையத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் எப்போதாவது பார்த்திருக்கிறோமா? 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மொத்தம் 33 பேர். தலைவர் மருத்துவராக இருக்க வேண்டும், வேறொரு பதவியில் இருப்பதாலேயே உறுப்பினராகிறவர்கள் 10 பேர், மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் சார்பில் 19 பேர். மேலாண்மை, சட்டம், மருத்துவ அறநெறி, பொருளாதாரம், நோயாளி உரிமை என்று இன்னும் பல துறைகளையும் சேர்த்து ஒதுக்கியிருப்பது மூன்றே மூன்று இடம்தான்! மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்கள் இல்லாமல் மருத்துவக் கல்வியின் தரத்தை யார் பார்ப்பது? ஆனால் அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு முன்பு, ராத்திரி இரண்டு மணிக்கு, என்ன எழுதியிருக்கிறது என்றே புரியாமல் நான்கு தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்த நிலையில் நின்ற ஒருவர் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. உறுப்பினர்கள் தங்கள் சொத்து, தொழில், வணிகத் தொடர்புகளை அறிவிக்க வேண்டும், அது ஆணையத்தின் இணையதளத்திலும் வெளியாக வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த விவரங்களைத் தமிழில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி, உங்கள் நாளிதழ் தொகுத்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி