அதிர்ஷ்டம் என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ‘சோல்’ இசையைப் பாடிய பில் விதர்ஸ் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். தமிழ் நாளிதழில் அவர் பெயரைப் பார்த்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால், விமானக் கழிப்பறை செய்துகொண்டிருந்தவரை அதிர்ஷ்டம் ஒரே நாளில் நட்சத்திரமாக்கிவிட்டது என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய முதல் ஆல்பம் எப்படி உருவானது என்று அறிந்தவர்கள் அந்தச் சொல்லை அங்கே வைக்க மாட்டார்கள். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

நான் திருவெறும்பூர் கொதிகலன் தொழிற்சாலையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். எழுபதுகளின் கடைசியில் அவன் கொண்டுவந்த இசைத்தட்டுகளில் ஒன்றுதான் விதர்ஸின் முதல் ஆல்பமான ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’. அதன் பாட்டு காதில் விழும் முன்பே அட்டைப் படம் என்னைப் பிடித்துக்கொண்டது. கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு தொழிலாளி நிற்கிறார். பாடகருக்கு மாட்டிவிட்ட வேடம் அல்ல அது. கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் இருந்த வெபர் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில், அவர் இன்னமும் வேலையில் இருந்த நாட்களில், மதிய இடைவேளையில் எடுத்த படம். தன் இசைத்தட்டு வெளிவரப்போகிறது என்று தெரிந்த பிறகும் அந்த மனிதர் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். போயிங் 747 விமானங்களுக்கான கழிப்பறைகள் அங்கே தயாராகின.

அவர் பிறந்தது 1938 ஜூலை 4. ஊர், மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பு. ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா சுரங்கத் தொழிலாளி. விதர்ஸுக்குப் பதிமூன்று வயதானபோது இறந்துவிட்டார். அம்மா வீட்டுவேலை செய்தார். பக்கத்து ஊரான பெக்லியில், அம்மாவின் குடும்பத்தாரோடு பையன் வளர்ந்தான். இந்தக் குடும்பத்தில் யாரும் அவனை இசைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஆனால் இசையே இல்லாமல் வளர்ந்தான் என்று உங்கள் கட்டுரை சொல்வது தவறு. லூலா காலோவே என்ற அவனுடைய பாட்டி ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கைதட்டிப் பாடுவார். அங்கே பாடுவதற்கு யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. மனம் பொங்கியவர் எழுந்து ஆரம்பிப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இதுதான் அவருடைய பயிற்சி. இதோடு, அந்த மலைப்பகுதியில் வெள்ளையர்கள் கேட்ட ‘கன்ட்ரி’ என்னும் கிராமியப் பாடல்களும் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தன. அவருடைய பாடல்களில் கிட்டார் முன்னே நிற்பதற்கும், கதை நேராகச் சொல்லப்படுவதற்கும் காரணம் தேடுபவர்கள் இங்கே தேட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கட்டுரை அதைத் தொடவே இல்லை. விதர்ஸுக்குத் திக்குவாய். இருபத்தெட்டு வயதுவரை அது அவரை விடவில்லை. எங்கள் பட்டறையில் திக்குவாய் உள்ள நண்பர் ஒருவர் இருந்தார். மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்பதற்குள் அவருக்கு நெற்றி வியர்த்துவிடும். அதே மனிதர் ஆயுதபூஜை மேடையில் சீர்காழி கோவிந்தராஜன் பாட்டை எடுத்தால் ஓர் எழுத்துகூடத் தட்டாது. அவர் அருகில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் விதர்ஸின் பாட்டு எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டே வாழ்ந்த ஒருவர் எழுதினால், அந்த வரியில் வெறும் அலங்காரம் எங்கே இருக்கும்? இந்த ஆல்பத்தில் உள்ள, அவருக்குப் புகழ் தந்த ‘ஐன்ட் நோ சன்ஷைன்’ பாட்டின் நீளம் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. நல்ல வெல்டிங்கில் தேவைக்கு மேல் ஒரு துளி உலோகம் நிற்காது. அவருடைய பாட்டு அப்படிப்பட்டது.

பள்ளி வயது முடிந்த கையோடு கடற்படையில் சேர்ந்தார். அங்கே ஒன்பது ஆண்டுகள். விமானம் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றதும் திக்குவாயோடு போராடியதும் அந்தக் காலத்தில்தான். வெளியே வந்தபின் வீடு வீடாகப் பால் ஊற்றியிருக்கிறார், தொழிற்சாலைகளில் வேலை பார்த்திருக்கிறார். ஒரு நாள் ஓக்லண்ட் நகரில் ஓர் இசைக்கூடத்துக்குப் போனார். அன்று பாட வேண்டிய லூ ராவ்ல்ஸ் வர நேரமாகிவிட்டது. வாரத்துக்கு 2,000 டாலர் கொடுத்தும் இந்த ஆள் நேரத்துக்கு வருவதில்லையே என்று அந்த இடத்தின் மேலாளர் புலம்பியதைக் காதால் கேட்டார் விதர்ஸ். அப்போது அவர் மணிக்கு மூன்று டாலர் கூலிக்காரர். பின்னாளில் பேட்டியில் இதை அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அடகுக்கடையில் மலிவான கிட்டார் ஒன்றை வாங்கி, வேலை முடிந்து வந்து தானே வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

1967இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தார். பகலில் தொழிற்சாலை; மற்ற நேரத்தில் பாட்டு எழுதுவது. சம்பளத்தில் மிச்சம்பிடித்த காசில் தன் பாடல்களை மாதிரிக்குப் பதிவுசெய்து நிறுவனம் நிறுவனமாகக் கொண்டுபோனார். நாள்கூலிக்காரன் தன் பணத்தைப் போட்டு ஒலிப்பதிவுக்கூடத்தை வாடகைக்கு எடுப்பது என்றால் என்னவென்று, குடும்பம் நடத்திய எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாவற்றிலும் கைவைத்த பிறகுதான் அந்தப் பணம் சேரும். ‘ஒரே நாள்’ என்று கட்டுரையாளர் எழுதியபோது இந்த வருடங்களை எந்தக் கணக்கில் வைத்தார்?

முப்பது வயதைத் தாண்டிய, மேடை அனுபவம் இல்லாத, தொழிற்சாலைக்காரரை எந்த நிறுவனமும் அவசரப்பட்டுச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தப் பதிவுகளைக் கேட்டு நம்பிக்கை வைத்தவர் கிளாரன்ஸ் அவான்ட். சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் உரிமையாளர், அவரும் கறுப்பினத்தவர். ஆல்பத்தைத் தயாரிக்கும் பொறுப்பை அவர் புக்கர் டி. ஜோன்ஸிடம் கொடுத்தார். இந்தப் பெயரைக் கட்டுரையில் காணாதது எனக்குப் பெரிய குறை. மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் ஓட்டிஸ் ரெடிங் முதலியவர்களுக்குப் பின்னால் வாசித்த குழுவின் தலைவர் புக்கர் டி. அந்தக் குழுவின் டொனால்ட் டன்னை பேஸ் கிட்டாருக்கும், ஆல் ஜாக்சனை டிரம்ஸுக்கும் அவர் வரவழைத்தார். கிட்டாருக்கு ஸ்டீபன் ஸ்டில்ஸ் வந்தார். அன்றைக்கு அமெரிக்காவில் இதைவிடத் தேர்ந்த கைகள் கிடைப்பது அரிது.

முதல் நாள் நடந்ததைப் புக்கர் டி. ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். விதர்ஸ் தொழிற்சாலையிலிருந்து நேராக, வேலைக்கான பூட்ஸோடு, பழைய காரில் வந்து இறங்கினார். கையில் பாடல்கள் நிறைந்த நோட்டுப் புத்தகம். உள்ளே வாத்தியக்காரர்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, புக்கரைத் தனியே அழைத்து, இந்தப் பாடல்களை யார் பாடப்போகிறார் என்று கேட்டார். வேறு பாடகர் வருவார் என்றே நினைத்திருக்கிறார். நீங்கள்தான் பாடப்போகிறீர்கள் என்றார் புக்கர். அங்கிருந்த கிரஹாம் நாஷ் என்ற புகழ்பெற்ற பாடகர் விதர்ஸின் எதிரிலேயே வந்து உட்கார்ந்து, நீங்கள் எவ்வளவு நன்றாகப் பாடுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியவில்லை என்று சொன்னாராம். ஆல்பத்தில் ‘டூ இட் குட்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. இதற்குமுன் இதைச் செய்ததே இல்லை என்று விதர்ஸ் அதில் சொல்கிறார். கவலை வேண்டாம், தெரிந்ததை நன்றாகச் செய் என்று புக்கர் டி. தைரியம் சொன்னதையும் சொல்கிறார். அந்த அறையின் படபடப்பை இசைத்தட்டிலேயே கேட்கலாம்.

தலா மூன்று மணி நேரமாக நான்கு ஒலிப்பதிவு அமர்வுகளில் ஆல்பத்தை முடிப்பது என்று திட்டம். பணம் போதவில்லை. மூன்று அமர்வுகளோடு சுருக்க வேண்டியதாயிற்று. அதிலும் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஆறு மாத இடைவெளி! பாதி ஆல்பம் ஒலிநாடாவில் கிடக்க, எப்போது முடியும் என்ற உறுதி இல்லாமல் ஒருவர் காத்திருந்தார். என்னைக் கேட்டால் அந்த ஆறு மாதம்தான் இந்தக் கதையின் மையம். வேலையை விடாதிருந்ததற்குக் காரணம் அவருக்குத் துணிச்சல் இல்லாதது அல்ல. இசைத்தொழிலை நம்பி அடுப்பு எரியாது என்று அவர் தெளிவாகக் கணக்குப் போட்டிருந்தார்.

‘ஐன்ட் நோ சன்ஷைன்’ பற்றி ஒரு விவரம். குடிப்பழக்கத்தில் சிக்கிய கணவன் மனைவியைப் பற்றிய ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’ என்ற 1962ஆம் ஆண்டுத் திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பாதிப்பில் அதை எழுதினார். பாட்டின் நடுவே ‘எனக்குத் தெரியும்’ என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களை 26 முறை திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த இடத்தில் வேறு வரிகள் எழுதிச் சேர்ப்பதாகத்தான் எண்ணம். கூட வாசித்தவர்கள், அப்படியே இருக்கட்டும் என்றார்கள். இத்தனை ஆண்டு அனுபவசாலிகள் சொல்கிறார்களே என்று விதர்ஸும் விட்டுவிட்டார். உங்கள் கட்டுரையாளர் இதையும் தற்செயல் என்பார். அந்த வாத்தியக்காரர்களின் காது பல்லாயிரம் மணி நேரம் வாசித்துப் பழகிய காது. எதைத் தொடக்கூடாது என்று அதற்குத் தெரியும்.

‘கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்’ பாட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. இதை எப்படி விட்டீர்கள்? தேவாலயத்தில் தட்டிய, கஞ்சிரா போன்ற தம்புரீனை வாசித்த, வலியில் வீங்கிய, பேரனை அடியிலிருந்து காத்த பாட்டியின் கைகளைப் பற்றிய பாட்டு அது. காதலைத் தவிர வேறு எதைப் பற்றியும் எழுதினால் விற்காது என்று நம்பிய வியாபாரத்தில், முதல் ஆல்பத்திலேயே பாட்டிக்கு ஒரு பாட்டு வைத்தார் அவர். தன் மகளைப் பற்றி முன்னாள் காதலியிடம் விசாரிக்கும் தகப்பனின் பாட்டும், குடியால் அழிந்த ஒருவன் தன்னையே முடித்துக்கொள்ளும் பாட்டும் அதே தட்டில் உண்டு. பன்னிரண்டு பாடல்களில் இரண்டு மட்டுமே பிறருடையவை. மற்றதெல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை. இருபது வயதில் இவற்றை அவரால் எழுதியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

1971இல் ஆல்பம் வெளிவந்தது. நிறுவனம் ‘ஹார்லெம்’ பாட்டை முன்பக்கத்திலும் ‘ஐன்ட் நோ சன்ஷைன்’ பாட்டைப் பின்பக்கத்திலும் வைத்துச் சிறு தட்டாக வெளியிட்டது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பின்பக்கத்துப் பாட்டு பில்போர்டு என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறி, அடுத்த ஆண்டு கிராமி இசை விருதும் பெற்றது. அவர்கள் திருப்பிப் போட்டது அவர் கையில் இல்லாத காரியம், அதை மறுக்க மாட்டேன். திருப்பிப் போட்டபோது அங்கே அந்தப் பாட்டு இருந்ததே, அது அவர் செய்த வேலை.

அதற்குள் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. வேலை போய்விட்டது. பிறகு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன: ஒன்று மறுபடி வேலைக்கு வரச் சொல்லி, மற்றொன்று ஜானி கார்சனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட அழைத்து. தங்கத்தட்டு என்ற சான்று கிடைக்கும் அளவுக்குப் பாட்டு விற்பனையானதும் இசைநிறுவனம் அவருக்குத் தங்கநிறக் கழிப்பறைப் பீடம் ஒன்றைப் பரிசளித்தது. கட்டுரையில் இதை மட்டும் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தீர்கள்.

எதற்காக ஒரு சொல்லுக்கு இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். என்னுடன் வேலை பார்த்தவர்களில் பாடியவர்கள் இருந்தார்கள், எழுதியவர்கள் இருந்தார்கள், தவில் வாசித்தவர் ஒருவர் இருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்தார்கள். உங்கள் இணைப்பைப் படிக்கும் இளைஞர்களில் இன்று அப்படிச் செய்பவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களிடம் விதர்ஸின் கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சொன்னால், கூரையைப் பார்த்துக் காத்திருக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நோட்டுப் புத்தகத்தையும், அடகுக்கடைக் கிட்டாரையும், ஆறு மாதக் காத்திருப்பையும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்குப் பயன்படும்.

ஒரு வேண்டுகோள். இந்த வரிசையில் இன்னும் சில பாடகர்களின் முதல் ஆல்பங்களைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அந்தக் கட்டுரைகளில், பதிவுக்கு யார் பணம் போட்டார்கள், யார் யார் வாசித்தார்கள், பாடகர் அப்போது எந்த வேலையில் இருந்தார் என்ற விவரங்களையும் தவறாமல் சேருங்கள். விதர்ஸைப் பற்றியே இன்னொரு முறை எழுத இடம் இருந்தால், 1985க்குப் பிறகு அவர் புதிய ஆல்பம் எதுவும் தராமல் விலகி வாழ்ந்ததைப் பற்றியும் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். 2020இல் எண்பத்தொரு வயதில் இறந்த அந்த மனிதரைப் பற்றித் தமிழில் படிக்க என்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வெல்டர்,
திருவெறும்பூர், திருச்சி மாவட்டம்.