நைட் ஷிப்ட் பார்க்கும் என் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

அன்றைக்குப் போனில் நீ சொன்னது என் மனதை விட்டுப் போகவே இல்லை. “அத்தை, எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது. சர்ச்சுக்குப் போயும் ரொம்ப நாளாச்சு. இப்ப போனா என்ன கேப்பாங்களோன்னு கூச்சமா இருக்கு. வேலை கொஞ்சம் குறையட்டும், அப்புறம் ஒழுங்கா ஆரம்பிக்கிறேன்” என்றாய். அதற்கு அப்போதே பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் கம்பெனி பஸ் வந்துவிட்டது. உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். 1972-ல் இங்கே மலேசியாவின் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்து அந்த ஃபேக்டரி லைன்களில் நின்று வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் எத்தனையோ பேர் இதே பேச்சை மனதுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். வேலை குறையாது. சின்னவன் வளர்ந்தால் டியூஷன் வரும், டியூஷன் முடிந்தால் மாமியாருக்கு ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் வரும், வீட்டுக் கடன் இருக்கும்வரை ஓ.டி.யையும் விட முடியாது. தெளிந்த மனதோடும் ஓய்ந்த உடம்போடும்தான் ஆண்டவர் முன்னால் உட்காரவேண்டும் என்று நீ காத்திருக்கிறாய். அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள். களைத்துப்போன நேரத்தையே அவரிடம் கொடு. தூக்கக் கண்ணோடு போ. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் பாட்டியை, அதாவது என் அம்மாவை, நீ பெரிதாகப் பார்த்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரவில் உன் அப்பா, அப்போது சின்னப் பையன், மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வசனத்தை வாசிப்பான். அம்மா சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்வார். தப்பாகச் சொன்னால் இவன் திருத்துவான். மறுநாள் காலையில் அந்த வசனம் அவரோடு காட்டுக்குப் போகும்.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன், பால் வடியும் மங்கு துடைத்துக் கொடுக்க. தலையில் கட்டிய விளக்கு வெளிச்சம் ஒரு மரத்தில் மட்டும் விழும், சுற்றிலும் கும்மிருட்டு. கத்தி பட்டையைச் சீவும் சத்தத்துக்கு நடுவே, “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று ஒரு மரம். அடுத்த மரத்துக்கு நடந்து போவதற்குள் அடுத்த வசனம். மர நிரை முடியுமுன் சங்கீதம் முடிந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். பாம்பு கிடக்கும் பள்ளம் ஒன்று உண்டு. அங்கே மட்டும் குரல் கொஞ்சம் ஏறும்: “பொல்லாப்புக்குப் பயப்படேன்.” அவருக்கு அமைதி நேரம் என்று தனியாக ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் விசுவாசம் யார் வழியாக வந்தது என்று உன் அப்பாவைக் கேட்டுப் பார், கண் கலங்காமல் அவனால் பதில் சொல்ல முடியாது.

சரி, நீ தோட்டத்தில் இல்லை, ஃபேக்டரியில் தூசி புகாத கிளீன்ரூமில் இருக்கிறாய். உனக்கு நான் கொடுக்க நினைப்பது சங்கீதம் 120 முதல் 134 வரை உள்ள பதினைந்து சங்கீதங்கள். நம் வேதாகமத்தில் ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஆரோகண சங்கீதம் என்று போட்டிருக்கும். பண்டிகைக்காக எருசலேமுக்கு மலையேறிப் போன ஜனங்கள் வழியில் பாடியவை என்று பெரியவர்கள் விளக்குவார்கள். வழிநடைக்காரர்களின் பாட்டு என்பதால் பெரும்பாலும் சின்னச் சின்னதாக இருக்கும். 132 ஒன்றுதான் கொஞ்சம் நீளம். கையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நடக்கிறவர்களுக்கு நீளமான பாட்டு சரிப்படாதே!

நைட் ஷிப்டுக்கு நீ சாயங்காலம் போகும்போது பஸ் பினாங்குப் பாலத்தில் ஏறியதும் எதிரே தீவின் மலைகள் தெரியும், கொடிமலை தலையில் மேகத்தோடு நிற்கும். பாலம் 13.5 கிலோமீட்டர். “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்” என்று தொடங்கும் 121-ஆம் சங்கீதம் எட்டே வசனம். பஸ் தீவுப் பக்கம் கெலுகோரில் இறங்குமுன் நிதானமாக இரண்டு மூன்று தடவை சொல்லி முடித்துவிடலாம். “இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை.” இரவு மூன்று மணிக்கு மெஷின் முன்னால் நின்று கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் உன்னைவிட இந்த வசனத்தை யார் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்?

அந்த வரிசையில் கடைசியாக இருக்கும் 134-ஐ எடுத்துப் பார். மூன்றே வசனம். “இதோ, இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே, நீங்களெல்லாரும் கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள்.” ஊரெல்லாம் தூங்கும்போது நின்று வேலை செய்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல ஒரு பாட்டு! அவர்கள் நின்றது ஆலயத்தில், நீ நிற்பது ஃபேக்டரியில், அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் இரவில் கண்விழித்து நிற்பவர்களுக்கு வேதத்தில் ஒரு இடம் இருக்கிறது. காலையில் வேலை முடிந்து வெளியே வரும்போது 130 இருக்கிறது: “எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது.” ஜன்னலே இல்லாத அறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வெளிச்சத்தைப் பார்க்கிறவள் இதை வாசிப்பதும், ஏசி அறையில் எழுந்து காப்பி குடித்துக்கொண்டு வாசிப்பதும் ஒன்றாகாது.

வீட்டுக்கு வந்து படுக்கும்போது குற்ற உணர்ச்சி வேண்டாம். “ஜெபிக்காமல் தூங்குகிறோமே” என்று நீ அழுததாகச் சொன்னாய். 127-ஆம் சங்கீதம் என்ன சொல்கிறது? “அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்.” தூக்கத்தையும் அவர்தான் தருகிறார். “ஆண்டவரே, தூங்கப்போகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தூங்கு.

ஆனால் இவ்வளவே போதும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. நெகேமியா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாய் இருந்தவர். “நீ கேட்கிற காரியம் என்ன” என்று ராஜா கேட்டதற்கும் இவர் பதில் சொன்னதற்கும் இடையில், நின்ற இடத்திலேயே ஜெபித்தார். ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். வேலையிடத்து ஜெபத்துக்கு இதை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் நெகேமியா புத்தகத்தின் முதல் அதிகாரத்தைச் சேர்த்து வாசிக்கவேண்டும். கிஸ்லேயு மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், அவர் உபவாசித்து மன்றாடிக்கொண்டிருந்த விஷயம் அது. அந்த நீண்ட ஜெபம் இருந்ததால்தான் இந்தக் குட்டி ஜெபம் நிலைத்து நின்றது. அதனால் லீவு நாளில் ஒரு முறையாவது பிள்ளைகளை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேதாகமத்தைத் திற. காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வருகிற வசனத்தைத் தள்ளிவிட்டுப் போவதை வேத வாசிப்புக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். அனுப்புகிறவர்களின் அன்பு பெரியதுதான், ஆனால் அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று நீ பார்க்கவேண்டாமா?

இப்போது சர்ச்சுக்கு வருகிறேன். உன்னுடையது நாலு நாள் வேலை, இரண்டு நாள் லீவு. ஆறு நாள் சுற்றை ஏழு நாள் வாரத்தின் மேல் வைத்துக் கணக்குப் போட்டால், நாலு ஞாயிறு தொடர்ந்து வேலை, அப்புறம் இரண்டு ஞாயிறு தொடர்ந்து லீவு என்று வரும். அந்த நாலு வாரத்தில்தான் நீ எங்களை விட்டு விலகுகிறாய். ஐந்தாவது வாரம் லீவு கிடைக்கும்போது கூச்சம் வந்துவிடுகிறது, “துணி துவைக்கக் கிடக்கு” என்று ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது. நான் பார்த்தவரை ஷிப்ட் வேலை யாரையும் சபையிலிருந்து பிரித்ததில்லை. இந்தக் கூச்சம்தான் பிரித்திருக்கிறது.

2020 மார்ச் 18-ல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயங்கள் மூடிய பிறகு ஆராதனையைப் போனில் பார்க்கப் பழகினோம். அது உனக்குப் பெரிய உதவி, வேலை நாளில் கட்டாயம் பார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்து, “என்னம்மா, தூங்கினியா?” என்று கேட்க ஒரு போனுக்கு முடியாது.

நாம் மெதடிஸ்ட் சபைக்காரர்கள். இந்தச் சபை எப்படித் தொடங்கியது என்று உனக்கு யாராவது சொன்னார்களா? 1739-ல் ஜான் வெஸ்லி திறந்த வெளியில் பிரசங்கிக்கத் தொடங்கியது இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கத்தில். கேட்க வந்தவர்களில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் ஏராளம். ஜனங்கள் வேலைக்குப் போகுமுன் வரமுடியும் என்று காலை ஐந்து மணிக்கே பிரசங்கம் வைத்தார். 1742-ல் பிரிஸ்டல் ஆலயக் கட்டடக் கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி காசு கொடுக்கலாம் என்றார் ஒருவர். பாதிப் பேர் ஏழைகள், எப்படிக் கொடுப்பார்கள் என்று கேள்வி வந்தது. அதற்கு அவர், பரம ஏழைகளாகப் பார்த்துப் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், முடிந்தால் அவர்கள் கொடுக்கட்டும், முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே கொடுக்கிறேன் என்றார். அப்படித்தான் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகச் சபையைப் பிரித்தார்கள். பென்னி வாங்க வாராவாரம் வீடு வீடாகப் போனவர்கள், அங்கே யார் எப்படி வாழ்கிறார்கள், யார் துவண்டு கிடக்கிறார்கள் என்பதையும் பார்த்தார்கள். கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது.

அந்த மனிதர் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. உன்னால் ஜெபிக்க முடியாத வாரத்தில் உனக்கும் சேர்த்து நாங்கள் ஜெபிக்கிறோம், மருமகளே. சபை என்று ஒன்று இருப்பதே அதற்குத்தானே? நம் வட்டாரத்து வீட்டு ஜெபக்கூட்டம் வாரநாளில் நடக்கிறது. உன் லீவு எந்தக் கிழமையில் விழுந்தாலும் ஏதாவது ஒரு வாரம் பொருந்திவரும். தாமதமாக வா. பாதியில் எழுந்து போ. யாராவது கேள்வி கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முதல் ஞாயிற்றுத் திருவிருந்து தொடர்ந்து தவறிப்போவது உன்னை வாட்டுகிறது என்றாய். அதைப் பாஸ்டரிடம் நேராகச் சொல். சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உபாகமம் ஆறாம் அதிகாரத்தில், “நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்” தேவனுடைய வார்த்தைகளைப் பற்றிப் பேசு என்று மோசே சொல்கிறார். உட்காருவதும் நடப்பதும் படுப்பதும் எழுவதும் எப்படியும் நடக்கிறவைதான். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. நீ நைட்டில் இருக்கும் வாரங்களில் மாப்பிள்ளை பிள்ளைகளோடு ஜெபித்துவிட்டுப் படுக்கவைக்கட்டும். அம்மா வீட்டில் இருந்தால்தான் ஜெபம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அவருக்குக் கூச்சமாக இருந்தால் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சேர்ந்து சொல்லட்டும், போதும். பெரியவள் போன கிறிஸ்துமஸுக்கு அதை ஒரு பிழையில்லாமல் சொன்னாளே, அவளே அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

அடுத்த மாத ஷிப்ட் அட்டவணை வந்ததும் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. நீ நைட்டில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு, நீ பாலத்தில் இருக்கும் நேரத்தில், நானும் இங்கே 121-ஐச் சொல்கிறேன். உன் முதல் லீவு ஞாயிறு எது என்று குறித்துவிடு. எட்டரை மணிக்குக் காரை உன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறேன். சமைக்காதே. ஆராதனை முடிந்து இங்கே சாப்பிடலாம், சின்னவனுக்குப் பிடித்த கோழிக் குழம்பு வைக்கிறேன். நைட் முடித்து நேராக வருகிற நாளாக இருந்தால், சாப்பிட்டுவிட்டு என் அறையில் படுத்துத் தூங்கு. பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை
புக்கிட் மெர்தாஜாம்