ஏர் எடுக்க ஆள் இல்ல பாப்பா

பாப்பா, சாப்டியா? நைட் ஷிஃப்ட்னா வெறும் டீய குடிச்சிட்டு படுத்துடாத, ரெண்டு இட்லியாவது சாப்டு. நேத்து போட்ட மெசேஜுக்கு ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. வேலையா இருப்பன்னு அம்மா கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், ஆனா அதையே எத்தினி நாளைக்கு சொல்றது.

ஷெட்டுக்கு ஒரு வண்டி வந்திருக்கு, உன் கிட்ட சொல்லாம இருக்க முடியல. ஆஸ்டின் ஏ40 டெவன். நம்ம எண்ணூர்ல பார்ட்டெல்லாம் சேத்து பூட்டுன வண்டி பாப்பா, அசோக் லேலண்ட்னு பேர் மாறுனது 1955ல, அதுக்கு முன்னாடி அசோக் மோட்டார்ஸா இருந்தப்போ இந்த வண்டிதான் அங்க போட்டாங்க. தாத்தா மீசை சரியா மொளைக்காத வயசுல வேலைக்கு போன எடம். அவர் ஸ்பேனர் புடிச்ச வண்டியா கூட இருக்கலாம், பானெட்ட தொறந்தவுடனே அவர் ஞாபகம்தான். ராயபுரத்துல ஒரு வீட்டு சந்துல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தாங்களாம். கடல் காத்து சும்மா விடுமா, கீழ தகடு மொத்தமும் துரு, கால வெச்சா ரோடு தெரியுது. டிங்கரிங்கே ரெண்டு மாசம் இழுக்கும்.

1200 சிசி இன்ஜின் ஜாம் ஆகி கெடந்துச்சு. பிளக்க கழட்டிட்டு நாலு ஓட்டைலயும் டீசல ஊத்தி ஊறப்போட்டேன், அஞ்சாவது நாள் ஹேண்டில போட்டு சுத்தினா மெதுவா திரும்புது, எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எவனோ பேட்டரிய மாத்தி குடுத்திருக்கான், இதுல ப்ளஸ்தான் பாடில எர்த், அது தெரியாம நம்ம காலத்து வண்டி மாதிரி மைனஸ குடுத்து டைனமோ கட்அவுட் ஸ்விட்ச் கருகி போச்சு. இன்டிகேட்டர் பல்பு கெடையாது, நடு தூண்லேந்து சின்ன கை ஒண்ணு வெளிய நீட்டும் பாரு, அதுல ஒரு பக்கம் சரி பண்ணிட்டேன், ஆரஞ்சு வெளிச்சத்தோட தூக்குச்சு. தம்பி போன்ல வீடியோ எடுத்தான், உனக்கு அனுப்ப சொன்னேன், அனுப்புனானா? வேளைக்கு சாப்டு பாப்பா, போன தடவ கழுத்தெலும்பு தெரிஞ்சுச்சு.

ப்ரேக்தான் படுத்துது. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்குதான் ஆயில், பின்னாடி ராடு இழுத்துதான் புடிக்கும். வீல் சிலிண்டருக்கு வாஷர் புதுப்பேட்டைல அலைஞ்சு அளவு பாத்து வாங்கினேன். போட்டாச்சு, ப்ரேக் லைன்ல நிக்கற காத்த வெளிய விடணும், அந்த ஏர் எடுக்கதான் ஆள் இல்ல. புதுசா சேந்த பையன பெடல்ல உக்கார வெச்சா, நான் சக்கரத்துகிட்ட காத்து விடற நிப்பிள மூடறதுக்குள்ள கால எடுத்துடறான், வந்த காத்து திரும்ப உள்ள போவுது. எத்தினி வாட்டி சொல்றது. நீ நாலாவது படிக்கறப்போ சீட்டுல உக்காந்தா கால் எட்டாதுன்னு பெடல் மேலயே ரெண்டு கால்லயும் ஏறி நிப்ப, ஸ்டியரிங்க புடிச்சுகினு. நான் வண்டிக்கு அடியிலேந்து "மிதி, மிதி, மிதி, புடி"ன்னு சொன்னா அப்டியே நிப்ப, "விடு"ன்னு சொல்ற வரைக்கும் அசைய மாட்ட. டியூப்ல முட்ட முட்டையா வந்து நிக்கற வரைக்கும் ஒரு தடவ கூட தப்பு பண்ணதில்ல. அப்றம் பெரிய மனுஷி ஆனப்போ, பொம்பள புள்ள ஷெட்டுக்கு வரக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அப்டியும் இந்த தெருவுல மொத இன்ஜினியர் நீதான், கேக்கறவங்க கிட்டல்லாம் சொல்லிகினு இருக்கேன். இன்ஜினியர் ஆனா இன்னா, அப்பாவுக்கு ஒரு போன் போட அஞ்சு நிமிஷம் இல்லையா உனக்கு.

இல்ல, உன்ன சொல்லி இன்னா ஆவப்போவுது. ஆடி மாசம் நீ போன் பண்ண. என் கையெல்லாம் ப்ரேக் ஆயில், போன தோள்ல இடுக்கிகினு பேசுனேன். "அப்பா, நாலு நாள் அங்க வந்து இருந்துட்டு போட்டுமா"ன்னு கேட்ட. நான் "மாப்ளயும் வராரா"ன்னு கேட்டேன். நீ ஒண்ணும் பேசல. அப்றம் "சும்மாதாம்பா கேட்டேன், வெச்சிடறேன்"ன. எனக்கு அப்பவே வயித்துல சொரேர்னுச்சு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி போய் திரும்ப வண்டிக்கு அடியில படுத்துகினேன். பெரியத்த இன்னா சொல்லும், தம்பிக்கு பொண்ணு பாக்கறப்போ இன்னா கேப்பாங்கன்னு அதத்தான் யோசிச்சேன், உன்ன யோசிக்கல. உன் வீட்டுக்கு வர நீ எங்கிட்ட கேட்டிருக்க, நான் அவர கேட்டிருக்கேன். தப்பு பண்ணிட்டேன் பாப்பா. அம்மாவுக்கு இது தெரியாது, அவ கிட்ட இன்னும் சொல்லல.

நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயா சொன்னா கேக்கறேன். பெங்களூர் மெயில்ல ஏறினா விடியக்காலைல சென்ட்ரல், மெட்ரோவுக்குன்னு காத்துகினு நிக்காத, நான் வெளிய வண்டியோட நிப்பேன். எத்தினி நாளுன்னு கணக்கு சொல்ல வேணாம், துணி நெறயவே எடுத்துகினு வா. மாடி ரூம்ல ஃபேன மாத்திட்டேன், பழசு கடகடன்னு சத்தம் போடும் இல்ல, அதுக்குதான். ரயில் ஏறதுக்கு முன்னாடி எதனா சாப்டு.

அந்த பையன இனிமே பெடல்ல உக்கார வெக்க மாட்டேன். ரெண்டு சக்கரமும் ஜாக்கி மேலயே நிக்குது.

அப்பா